நாற்காலி கரைத்த கலோரி

மங்கம்மா அக்கா எதையும் முதல் தடவையில் நம்பியதில்லை. மணலி சாலையில் ஒரு தனியார் எடைமேடையில் பதினெட்டு வருடமாக எடைச்சீட்டு போட்டுக்கொடுப்பது அவர் வேலை. லாரி மேடையில் ஏறியதும் ஜன்னலைத் திறந்து, "கிளீனரு எங்க? உள்ள பட்த்துகினு கீறானா? எறங்கச் சொல்லு" என்பார். மணலில் தண்ணீர் ஊற்றி எடை கூட்டியிருந்தால், வண்டியடியில் சொட்டும் ஈரத்தை வைத்தே பிடித்துவிடுவார். காலையில் அவர் பார்க்கும் முதல் காரியம், வண்டியே இல்லாத வெறும் மேடைக்குக் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்பதுதான்.

2004-இல் அவருக்குக் குடலிறக்கம் வந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் எட்டு கிலோ குறைய வேண்டும் என்றார் மருத்துவர். இதயத் துடிப்பில் ஒரு கோளாறும் இருந்தது. அதனால் தினமும் நடந்து இருநூற்றைம்பது கலோரி கரைக்கலாம், ஆனால் துடிப்பு நிமிடத்துக்கு நூற்றிருபதைத் தாண்டவே கூடாது, தாண்டினால் ஆபத்து என்று எழுதிக்கொடுத்தார். ஆறு வாரம் விடியற்காலையில் திருவொற்றியூரிலிருந்து எர்ணாவூர் வரை நடந்ததில் மூன்று கிலோ இறங்கியது. துடிப்பு எவ்வளவு என்று மட்டும் தெரியவில்லை. அதற்கொரு கருவி வாங்கத்தான் அன்று ராயபுரம் போனோம்.

நான் பக்கத்து வீட்டுப் பெண். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. இயற்பியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் என்று என்னைக் கூட்டிப்போனவர், வழியிலேயே என்னையும் விசாரித்தார்.

"செங்கொடி, நீ படிச்ச படிப்புல இந்த மிஷினு வருதா?"

"வராதுக்கா. அட்டைல போட்டுக்கீறத படிச்சி சொல்றேன்."

"அட்டைல எழுதனது யாரு? விக்கிறவன்தான?"

அங்கே லியாகத் அலியின் கடிகாரக் கடையில் இரண்டு வகை இருந்தன. மூவாயிரத்து இருநூறு ரூபாய்க் கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டினால் போதும்; துடிப்பு பார்க்க அதன்மேல் விரல் வைக்க வேண்டும், கலோரியை அது தானே காட்டும். ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய்க் கடிகாரத்துக்கு, ஈரம் தொட்டு மார்பில் ஒரு பட்டையும் கட்ட வேண்டும். பட்டை இல்லாததுதான் அக்காவுக்குச் சௌகரியம் என்று நினைத்தேன். விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தேன். அட்டையில் 'துல்லியம்' என்று போட்டிருந்ததைப் படித்துச் சொன்னேன். அந்தத் துல்லியம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

"பாய், இத அந்த நாற்காலிக்கு கட்டு" என்றார் அக்கா.

"இன்னாமா, நாற்காலிக்கா?"

"ஆளு இல்லாம இன்னா காட்டுதுன்னு பாக்கணும்."

லியாகத் அலி சிரித்துக்கொண்டே அந்த விலை கூடிய கடிகாரத்தை நாற்காலிக் கைப்பிடியில் கட்டி, பொத்தானை அழுத்தினார். மூன்று நிமிடத்தில் அது பதினான்கு கலோரி கரைந்ததாகக் காட்டியது. ஓடிய நேரத்தையும் பதிந்த எடையையும் வைத்துக்கொண்டு அது வெறும் கணக்குப் போடுகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாய், ஒன் நாற்காலி எளைக்குது. சீக்கிரம் ஒக்காந்துக்க" என்றார் அக்கா. லியாகத் அலி தலையைச் சொறிந்தார். நான் அட்டையைக் கீழே வைத்தேன்.

மற்றதை அதேபோல் நாற்காலிக்குக் கட்டியபோது துடிப்பின் இடத்தில் வெறும் கோடுகள்தான் வந்தன. கலோரி பூஜ்யத்திலேயே நின்றது. கடைக்காரரின் மனைவி ஷரீஃபுன்னிசா அக்காவை உள்ளே கூட்டிப்போய்ப் பட்டையைக் கட்டிவிட்டார். வெளியே வந்த அக்கா, தினமும் நடக்கிற வேகத்திலேயே அந்தச் சந்தில் பத்து நிமிடம் நடந்தார். கடிகாரம் 138 காட்டியது.

"பொய் சொல்து. எனக்கு மூச்சே வாங்கல. பாய், அது நாற்காலிய எளைக்க வைக்கிற மிஷினு, இது ஆள பயமுறுத்துற மிஷினா?"

நான் அவர் கையைப் பிடித்து, கடைக் கடிகாரத்தைப் பார்த்துக் கால் நிமிடம் நாடி எண்ணினேன். முப்பத்து நான்கு. "நூத்தி முப்பத்தாறுக்கா."

"கா நிமிசம் எண்ணிட்டு நாலால பெருக்குவியா? மிச்ச முக்கா நிமிசத்த யாரு எண்றது?"

மறுபடி நடந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி கூடவே நடந்தேன். நான் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று மறுகைக் கடிகாரத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். கடைக் கடிகாரத்தைப் பார்த்து, நிமிடம் தொடங்குவதையும் முடிவதையும் சொல்ல ஷரீஃபுன்னிசா வாசலில் நின்றார். வாசல்களில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நூற்றிருபதைத் தாண்டி எண்ணும்போது அக்காவின் கை குளிர்ந்திருந்தது. அங்கேயே நிறுத்தி நூற்றுப்பதினெட்டு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சற்று முன் அட்டையைப் படித்து, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்ன அதே வாய்தான். முழுவதும் எண்ணினேன்.

"நூத்தி முப்பத்தேழு."

முந்தானையை விலக்கினார். 138.

அக்கா படியில் உட்கார்ந்தார். "ஆறு வாரமா இந்த நடதான் நடந்துகினு கீறேன்" என்றார் மெல்ல. யாரையும் திட்டவில்லை. ஷரீஃபுன்னிசா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நாளைக்கு முதல் வேலையாக டாக்டரைப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு, பட்டை வைத்ததையே வாங்கினார். நூற்றிருபதைத் தொட்டால் ஒலி எழுப்பும்படி அதில் வைத்துக்கொடுத்தேன். சரியாக வைத்தேனா என்று நானே இரண்டு தடவை பார்த்தேன். அவரும் பார்த்தார்.

பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில், சந்து முனை தாண்டுமுன்பே அது கத்தியது. அக்கா வேகத்தைக் குறைத்தார். மீன்கூடை சுமந்த ஒரு அம்மா எங்களைத் தாண்டிப் போனார்.

"இதுக்குப் பேரு நடையா? இதுல எப்ப நான் எளைக்கிறது?" என்று கடிகாரத்திடம் எரிந்து விழுந்தார். பட்டையைக் கழற்றவில்லை.

எங்கள் பேருந்து வந்து நின்றது. கண்டக்டர் கை காட்டி அழைத்தார். நான் ஓட அடியெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போட்டும்" என்றார். "அட்த்தது வரும்."

பேருந்து எங்களை விட்டுப் போய்விட்டது. நாங்கள் அதே நடையில் நிறுத்தத்தை நோக்கிப் போனோம்.