தோளுக்கு ஏறும் பந்து

அவளோடு ஒரு மணி நேரம் பந்தடித்தவர்கள் மறுநாள் ஜெயித்தாலும் தோற்றாலும் அது அவர்கள் பாடு. அவள் வேலை அந்த ஒரு மணி நேரத்தோடு முடிந்துவிடும். டென்னிஸ் கிளப்பில் அந்த வேலைக்குப் பயிற்சித் துணை என்று பெயர். பெரிய போட்டிகளுக்கு வரும் தொழில்முறை வீராங்கனைகள் ஆட்டத்துக்கு முதல் நாள் கை பழகிக்கொள்ள எதிர்ப்பக்கம் ஒருவர் நிற்க வேண்டும். ஒன்பது வருடமாக அங்கே நிற்பவள் அவள்தான்.

கிளப்பில் எல்லோரும் அவளை 'லாண்டிரி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய அம்மா அங்கே துண்டும் சீருடையும் துவைத்தாள். பள்ளி விட்டு வந்ததும் அவள் சலவை அறைக்குப் பின்னால் நின்று சுவரில் பந்தடிப்பாள். சுவருக்கும் வேலிக்கும் நடுவே பதினைந்து அடிதான் இடம். பட்ட பந்து துள்ளி நெஞ்சுக்கு வரும், பின்னால் நகரவோ வழியில்லை. அதனால் உள்ளங்கை தானாகவே மட்டைப்பிடியின் அடிக்குப் போயிற்று. பந்தைக் கீழிருந்து மேலாக உரசித் தூக்கினாள், அது சுழன்றுகொண்டே போனது. அவளுக்கு இடக்கை வேறு.

அதை முதன்முதலில் பார்த்த கிளப் பயிற்சியாளர், "இது ஃபோர்ஹேண்டா, ஈரத்துணி பிழியறதா?" என்று கேட்டார். மைதானமே சிரித்தது. அவர் காட்டிய பிடியை இரண்டு மாதம் பிடித்துப் பார்த்தாள். ஊரான் செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. கழற்றிப் போட்டுவிட்டுத் தன் பிடிக்கே திரும்பினாள். பிறகு கல்லூரிக்குப் போய்ப் புள்ளியியலில் பட்டம் வாங்கினாள். அந்தக் குடும்பத்தில் அதற்குமுன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பட்டத்துக்கு ஏற்ற நாற்காலி ஒன்றும் கிடைத்தது. எட்டு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் மைதானத்துக்கே வந்தாள். அது சரியான முடிவுதானா என்று அவளே அவ்வப்போது தன்னைக் கேட்டுக்கொள்வாள்.

இந்தத் தொழிலுக்கு எழுதாத விதி ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு முதல் நாள், வீராங்கனைக்குப் பிடித்த பந்துதான் போட வேண்டும். இடுப்பு உயரத்தில், அளவான வேகத்தில், நேராக. அவர் சிரித்த முகத்தோடு மைதானத்தை விட்டுப் போக வேண்டும். ஒன்பது வருடம் அவள் இந்த விதியை மீறியதில்லை.

அந்த வருடம் இருபது வயது வீராங்கனை ஒருத்தி வந்தாள். வலக்கைக்காரி, கூச்ச சுபாவம். கூடவே அவளுடைய பயிற்சியாளர், கையில் ஒரு டேப்லெட். மறுநாள் அவள் ஆட வேண்டியது ஓர் இடக்கைக்காரியோடு. அதனால்தான் இடக்கைப் பயிற்சித் துணையைக் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

"அந்த நெட்டைப் பொண்ணோட ஃபோர்ஹேண்ட் சராசரி வேகம் நூத்தி இருபத்தெட்டு. போன வாரம் அவளையே நீ ஜெயிச்ச," என்று பயிற்சியாளர் திரையைத் தட்டினார். "இந்த இடக்கைக்காரி வெறும் நூத்தி பன்னெண்டு. பதினாறு கிலோமீட்டர் கம்மி. கண்ணை மூடிட்டு அடிக்கலாம்." பிறகு இவள் பக்கம் திரும்பினார். "லாண்டிரி, நீ மெதுவா, தட்டையா போடு. போதும்."

அவளுக்கு நாக்கு நமநமத்தது. போன வருடம் நெட்டையோடு இரண்டு நாள், இடக்கைக்காரியோடு நான்கு நாள் அடித்திருக்கிறாள்.

"சார், அந்தம்மா பந்து மெதுவாத்தான் கெளம்பும். ஆனா தரையில பட்டதும் தோளுக்கு ஏறும். நெட்டையோட பந்து வேகம்தான், இல்லைங்கல. ஆனா இடுப்புக்கு வரும். மட்டையைக் காட்டினாலே போதும், அதோட வேகத்துலயே திரும்பிப் போயிடும். இந்தம்மா பந்துல கடன் வாங்க வேகமே கிடையாது. பாதி பலம் அதை எறக்கவே போயிடும்."

"எண் பொய் சொல்லாது."

"சொல்லாது சார். ஆனா அது மட்டையை விட்டுக் கெளம்புறப்ப எடுத்த எண். நான் நிக்கிறது அந்தப் பக்கம்."

"அறிவுரை கேக்கலை. பந்து போடு."

போட்டாள். முதல் பத்து நிமிடம் அவர் கேட்டபடியே. வீராங்கனை ஒன்றுவிடாமல் அடித்தாள், அவள் முகம் மலர்ந்தது. நாளை இதே நேரம் இந்த முகம் எப்படி இருக்கும் என்று எதிரே நின்றவள் நினைத்துப் பார்த்தாள். முட்டியை மடக்கினாள், கையைத் தாழ்த்தினாள், பிழிந்தாள்.

பந்து வலைக்கு மேலே இரண்டு ஆள் உயரம் போய், குத்திட்டு இறங்கி, வீராங்கனையின் பேக்ஹேண்ட் பக்கம் தோளுக்கு மேல் எழும்பியது. மட்டையின் விளிம்பில் பட்டு வேலியைத் தாண்டிப் போனது. அடுத்தது வலையில். அதற்கடுத்தது அவள் காலடியிலேயே. இப்படி ஆறு. ஏழாவதற்கு வீராங்கனை பின்னால் போகாமல் ஓர் அடி முன்னால் வந்து, பந்து ஏறுவதற்குள் அடித்தாள். கோட்டுக்கு வெளியேதான் விழுந்தது. ஆனாலும் அதுதான் வழி என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது.

"நிறுத்து!" பயிற்சியாளர் மைதானத்துக்குள் வந்துவிட்டார். "உன்னை ஆடச் சொல்லலை, போடச் சொன்னேன்!"

"நாளைக்கு அந்தம்மா போட மாட்டாங்க சார். ஆடுவாங்க."

அத்தோடு பயிற்சி முடிந்தது. அரைமணியில் கிளப் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான். ஆனால் யார் குரலை உயர்த்துகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்வார்.

"அவர் கொதிச்சுப் போயிருக்கார்மா. நாலு மணிக்குள்ள ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்துடு. இல்லைன்னா உன் அனுமதி அட்டையை நான் வாங்கியாகணும். அட்டை இல்லாம மைதானத்துல கால் வைக்க முடியாது, தெரியும்ல?"

அவள் சலவை அறைக்குப் போனாள். அம்மா உலர்த்தியிலிருந்து துண்டுகளை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வரிதானேடி? எழுதிக் குடு. குனிஞ்சா முதுகு ஒடிஞ்சா போயிடும்?"

"நீ முப்பது வருஷமா குனியுற. ஒடியலையா?"

அம்மா ஒரு துண்டை உதறி மடித்தாள். "பட்டம் குடுக்கிற இடத்துல வாயையும் சேர்த்துக் குடுப்பாங்க போல," என்றவள், மேசையில் மடித்து வைத்திருந்த துண்டுகளை ஓரமாக நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தாள். "உக்காந்து எழுது. என்னத்தையோ எழுது."

வெள்ளைத்தாளைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் அப்படி அடித்தேனா? இல்லை, ஒன்பது வருடம் தேன் மாதிரி பந்து போட்டுச் சலித்த கை ஒருநாளாவது ஜெயித்துப் பார்க்க ஆசைப்பட்டதா? இரண்டும் இருக்கலாம். ஆனால் இரண்டில் எதுவாக இருந்தாலும், அந்தப் பந்து தப்பான பந்து இல்லை. அதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

நாலு மணிக்கு மூன்று பக்கங்களோடு போனாள். பயிற்சியாளரும் அங்கே இருந்தார். செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார். நெட்டையின் ஃபோர்ஹேண்ட், அதன் வேகம், அது வந்து சேரும் உயரம், அதை மணிக்கட்டு எப்படித் தாங்குகிறது. இடக்கைக்காரியுடையது, அதன் சுழற்சி, நாலாவது நாள் தோளில் வந்த வலி. மூன்றாவதாக, வேகமும் சுழற்சியும் குறைந்த இன்னொருத்தி. எந்தப் பக்கம் அடிக்கப்போகிறாள் என்று கடைசி நொடிவரை காட்டாததால் அவளிடம்தான் தான் அதிகம் ஏமாந்தது. மூன்றில் எது பெரியது என்பது எதிரே நிற்பவரைப் பொறுத்தது என்று ஒரு வரி. இன்று காலை தான் போட்ட ஏழு பந்துகளும் இரண்டாவது வகை என்று இன்னொரு வரி. அதற்குப் பிறகு கடைசி வரி.

"'இந்த ஏழில் மன்னிப்புக் கேட்க வேண்டிய பந்து எது என்று குறித்துத் தந்தால், அந்தப் பந்துக்கு மட்டும் கேட்கிறேன்.'" செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இது மன்னிப்புக் கடிதமா?"

"இல்ல சார்."

"பாத்தீங்களா திமிரை?" என்றார் பயிற்சியாளர்.

"எதுன்னு சொல்லுங்க சார். எழுதித் தரேன்."

அவர் டேப்லெட்டைப் பார்த்தார். அதில் காலையில் போட்ட பந்துகள் இல்லை. செயலாளர் பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினார். அவள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

வெளியே படிக்கட்டில் வீராங்கனை மட்டைப் பையோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே படித்தது அவ்வளவும் அவள் காதில் விழுந்திருந்தது.

"அக்கா, காலையில என் ஒரு மணி நேரத்துல முக்கால் மணி பாக்கி இருக்கு."

"அட்டை போச்சு. உள்ள வர முடியாது."

"அப்ப நான் வெளிய வரேன்."

"உங்க சார்?"

"அவர் மட்டையைத் தொட்டே பதினஞ்சு வருஷமாச்சு."

சாலைக்கு எதிர்ப்புறம் பொது மைதானம். வலை நடுவில் தொய்ந்திருந்தது, கோடுகள் பாதி அழிந்திருந்தன. அங்கே யாரும் யாரிடமும் அட்டை கேட்பதில்லை.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள் அவள். "காலையில நான் ஜெயிக்கணும்னுகூட அடிச்சிருக்கலாம்."

"அடிச்சா என்ன? நாளைக்கு அவங்க வேற எதுக்கு அடிக்கப் போறாங்க?"

அவள் சிரித்துக்கொண்டே பின்கோட்டுக்குப் போய் நின்று, பிழிந்து ஒன்று விட்டாள். பந்து ஏறியது. வீராங்கனை முன்னால் வந்து அடித்தாள். வலையில் போய் விழுந்தது.

"இன்னொண்ணு," என்றாள் வீராங்கனை. "இன்னும் கனமா."