படிக்காமல் அழித்தவை

அந்த நாட்களில் கண்டியில் ஒரு நெட் கஃபேயில் உட்கார்ந்து எங்கள் மலையகத் தமிழ் இணையக் குழுமத்தை நான்தான் நடத்தினேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் படிக்காமலே அழிப்பேன். ஒருத்தி அப்படி மூன்று தடவை போட்டாள். மூன்றையும் அழித்து, அவளையும் நீக்கினேன். தமிழைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமை வேறு.

போன மாதம் பழைய உறுப்பினர்கள் கூடினோம். அந்தக் காலம் வருமா என்று அளந்துகொண்டிருந்தேன். ஒரு நண்பரின் மனைவி பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

“நீங்க வெரட்டின ஆள் நான்தான் சேர். அப்ப குவைத்துல வீட்டு வேலை. போன் பேச விடமாட்டாங்க. அவங்க இல்லாத நேரம் பார்த்து, ‘வத்தேகம பக்கம் யாராவது இருந்தா, நான் உசிரோட இருக்கேன்னு எங்கம்மாகிட்ட சொல்லுங்க’ன்னு எழுதினேன். எனக்குத் தமிழ் எழுதத் தெரியும் சேர். அந்த வீட்டு கொம்பியூட்டருக்குத்தான் தெரியாது.”

நான் வத்தேகமக்காரன்.

“அம்மா?” என்றேன்.

“நான் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க.”

நேற்று அவரிடம் மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறேன். இப்போதெல்லாம் அதுதான் பழக்கம்.

பதில் இல்லை. ஆனால் படித்திருக்கிறார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.