காய்ந்த போருக்குப் போன குழாய்

வடக்கனந்தலில் புது வீட்டுக்குக் கடைக்கால் எடுத்த நாளிலிருந்து ஆண்டாள் எதிலும் வாய் திறக்கவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் நிற்கும் இடத்தில் ஓரமாக ஒதுங்கிக்கொள்வாள். கண் மட்டும் ஓயாது. கக்கூஸ் விஷயத்தில்தான் கணவன் தெய்வசிகாமணி அவளைக் கேட்டான்: குழி தோண்டி சிமென்ட் உறை இறக்குவதா, செப்டிக் டேங்க் கட்டி உறிஞ்சு குழி எடுப்பதா? "டேங்கே கட்டிடுங்க" என்றாள்.

இன்று டீ எடுத்துப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். டேங்கிலிருந்து புறப்பட்ட குழாய், தண்ணீர் வற்றிப் போய்க் கைவிட்ட பழைய ஆழ்துளைப் போருக்குள் இறங்கியிருந்தது.

"இன்னா மேஸ்திரி, பைப்பு இங்க வந்துகினு இருக்குது?"

பழனி மேஸ்திரி சிரித்தார். "அண்ணன்தான் சொன்னாருக்கா. நானூறு அடி. உங்க பேரப்புள்ள காலத்துலயும் ரொம்பாது."

"குழி தோண்டிக்கினு கெடக்க வேணாம் பாரு" என்றான் தெய்வசிகாமணி, பெருமையாக.

மனையின் இன்னொரு மூலையில் புதுப் போர் போட மிஷின் காற்றடித்தபோது எல்லாரும் தண்ணீர் வருமா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டாள் மட்டும்தான் இந்தப் பழைய போரைப் பார்த்தாள். மூடியிருந்த சாக்கு எகிறி விழுந்து, உள்ளேயிருந்து வெள்ளைப் புழுதி புஸ்ஸென்று கிளம்பியது.

அதை அப்படியே சொன்னாள். "அதுல அடிச்ச காத்து இதுல வந்துச்சுங்க. இதுல வுட்றது அதுல போவாதா?"

"பயப்படாதக்கா. பக்கத்துல நிர்மலாக்கா வூட்டுக்கும் காஞ்ச போருலதான் எறக்குனேன். ரெண்டு வருசமாச்சு, இன்னா ஆயிப்போச்சு?"

ஆண்டாள் மதிலைத் திரும்பிப் பார்த்தாள். நிர்மலாவின் வீடு மதிலுக்கு அந்தப் பக்கம்தான். புதுப் போர் போட்டதிலிருந்து மகள் தனுஷா குடிப்பதெல்லாம் அதன் தண்ணீர். அடிக்கடி வயிற்று வலி என்று பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு படுப்பதும் அப்போதிலிருந்துதான்.

புதுப் போரின் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்தாள். மேஸ்திரியிடம் நீட்டினாள்.

"குடிங்க."

அவர் சொம்பைப் பார்த்தார், வாங்கவில்லை. "நான் கேன் தண்ணிதான்க்கா குடிக்கிறது."

தெய்வசிகாமணியின் முகம் வெளுத்தது. குனிந்து, போருக்குள் இறங்கிய குழாயை இரண்டு கையாலும் வெளியே இழுத்தான். "குழி எடுப்பா" என்றான்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஆண்டாள் மதிலைச் சுற்றி நடந்தாள். நிர்மலாவிடம் என்ன சொல்வது, எங்கே தொடங்குவது, எதுவும் தெரியவில்லை. கதவைத் தட்டினாள்.