கூடுதலாகத் தொங்கவிட்ட எடை

என் மேசையில் ஒரு சுருள்வில் கிடக்கிறது. புதிதில் அதன் சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டியிருந்தன. இப்போது நடுவே நகம் நுழையும். அதைக் கெடுத்தவன் நான். பழியை ஆய்வக உதவியாளர் மேல் போட்டவனும் நான்தான்.

சங்கரன்கோவிலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய மாலை, உதவியாளர் பீரோவிலிருந்து எடுத்துவைத்த அந்த வில்லில் எடைகளைத் தொங்கவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உதவியாளர் என்னைவிட மூத்தவர். வீட்டில் விசைத்தறி ஓட்டியவர் என்பதால் கம்பி எதுவரை தாங்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். மேசையைத் துடைத்தபடியே, "சார், இதுக்கு மேல போடாதிய. திரும்பாது," என்றார். மீட்சி எல்லையைப் பாடம் நடத்துகிறவனுக்கு இவர் சொல்வதா? அவர் சொன்னதற்காகவே இன்னும் இரண்டு எடைகளைப் போட்டேன். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் குறிமுள் பழைய இடத்துக்கு வரவில்லை. வேறு வில் இல்லை. அதையே மாட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வில்லைத் தூக்கிப் பார்த்து, "இது யார் வேல?" என்று கேட்டார். மாணவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். "அண்ணாச்சிதான் பீரோவுலருந்து எடுத்து வச்சாரு," என்றேன். அது பொய்கூட இல்லை. அதனால்தான் அப்படிச் சொன்னேன். உதவியாளர் துணியை இரு கைகளாலும் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு மாணவனின் பதிவேட்டில் குனிந்துகொண்டேன்.

அவருக்கு மெமோ வந்தது. அந்த ஆண்டு கிளார்க் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த அவர் பெயர் அதனால் நீக்கப்பட்டது. உதவியாளராகவே ஓய்வு பெற்றார்.

இந்த ஆண்டுதான், நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தறிச் சத்தத்தில் இரண்டு முறை உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. "தெரியும் சார். நீங்க சொல்லுவியன்னுதான அன்னைக்கு நின்னேன்," என்றார். தாளைத் திருப்பித் தந்தார். "இத வச்சு நான் என்ன செய்ய? அந்தப் பயலுவ முன்னாலல்லா சொன்னிய."

அந்த வகுப்பின் பழைய மாணவர்கள் சென்ற மாதம் கூடினார்கள். அவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் அந்தத் தாளை வாசிக்கத் தொடங்கியதும் தலை நரைத்த ஒருவன், "விடுங்க சார், ஒரு ஸ்பிரிங்குக்குப் போயி," என்றான். சிரித்தார்கள். நானும் நிறுத்திவிட்டேன், நிறுத்தக் காரணம் கிடைத்தது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

உதவியாளர் எழுந்தார். "எனக்குக் கிளார்க்கு வேலல்லா போச்சு," என்று அவனிடம் சொன்னார். பிறகு என்னிடம், "முழுசா வாசிங்க சார்."

வாசித்தேன். கடைசி வரிவரை நின்றே கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

அவரிடம் கொடுப்பதற்காக எடுத்துப்போன சுருள்வில் என் சட்டைப் பையிலேயே திரும்பி வந்தது.