தெம்பனிஸ் மிஸ்டர் பி. லாசரஸ்

1983ஆம் ஆண்டுக் கடைசியில் பிரிஜட் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதை வாங்கும்போது அது எதற்கு என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில், ஒரு சரக்கு முகவர் நிறுவனத்தில் அவர் டெலெக்ஸ் ஆபரேட்டர். பாயா லேபாரில் விமான நிலையம் இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்து பதிமூன்று வருடம் ஆகியிருந்தது. எந்தப் பெட்டி எந்த விமானத்தில் ஏறியது, எது ஏறாமல் நின்றுவிட்டது என்று லண்டனுக்கும் சிட்னிக்கும் ஹாங்காங்குக்கும் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பார்; இங்கே தட்டுவது கம்பி வழியே போய் அங்கே தாளில் அச்சாகும். அந்த வருடம் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, இரண்டு மூன்று வருடத்தில் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றார். அன்றிலிருந்து மற்ற பெண்கள், இன்னும் முகம் பார்க்காத மாமியாரைப் பற்றிப் பேசுவதுபோல் அதைப் பற்றியே பேசினார்கள். பிரிஜட்டுக்குப் பயமில்லை. ஆனால், என்ன ஏது என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

தேக்கா மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில், சிராங்கூன் ரோட்டில் தங்கராஜு நடத்திவந்த மின்சாதனக் கடைக்குள் நுழைந்தார். அங்கேதான் 'ஹால்டன் 32' இருந்தது. இங்கிலாந்தில் செய்தது. தட்டச்சு இயந்திரத்தின் விசைப்பலகையை மட்டும் தனியே கழற்றி வைத்ததுபோல் இருந்தது. டிவியில் பொருத்தினால் எழுத்து தெரியும். பாட்டுக் கேட்கிற கேசட் ரெக்கார்டரிலேயே புரோகிராமைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். போனஸ் வந்த வாரமே வாங்கிவிட்டார்.

பெட்டிக்குள் ஒரு மஞ்சள் அட்டை கிடந்தது. 'எங்கள் தயாரிப்புகளைப் பற்றிய செய்திகள் உங்களுக்கு நேரடியாக வர வேண்டுமா?' என்று கேட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தார்கள். பிரிஜட் கட்டத்தில் சரி என்று குறியிட்டார். பெயர் எழுத இருந்த இடம் போதவில்லை. அதனால் தன் பெயரின் முதல் எழுத்தையும் கணவர் பெயரையும் போட்டு 'பி. லாசரஸ்' என்று முடித்துக்கொண்டார். அடுத்த நாள் அலுவலகம் போகும் வழியில் ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் சேர்த்தார்.

கணவர் லாசரஸ் பஸ் ஓட்டுநர். நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பவர். கம்ப்யூட்டர் வந்ததில் அவருக்கு இருந்த ஒரே குறை, கால்பந்தாட்டம் நடக்கும்போது டிவி கிடைப்பதில்லை என்பதுதான். இருவரும் தெம்பனிஸில் புது வீட்டுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சுற்றிலும் இன்னும் மண் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், கீழ்த்தளத் தபால் பெட்டியிலிருந்து ஒரு நீல உறையை எடுத்து வந்தார்.

"பிரிஜட், இங்க பாரு. இங்கிலாந்துலேர்ந்து எனக்கு லெட்டர் வந்திருக்கு. இனிஷியலத்தான் தப்பாப் போட்டுட்டான்."

பிரிஜட் வாங்கிப் பார்த்தார். 'மிஸ்டர் பி. லாசரஸ்' என்று தட்டச்சு செய்திருந்தது.

"அது நீங்க இல்லங்க. நான்தான்."

"நீ எப்ப மிஸ்டர் ஆன?"

உள்ளே நான்கு பக்கச் செய்திமடல். ஹால்டனுக்கு ஒரு பிரிண்டர் வரப்போகிறது, நினைவகத்தைக் கூட்ட ஒரு சின்னப் பெட்டி வரப்போகிறது, கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறவில்லை என்றால் ஒலியை எவ்வளவு வைக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் முகவரியும் டெலெக்ஸ் எண்ணும் இருந்தன. பிரிஜட் அதை விளம்பரம்வரை ஒரு வரி விடாமல் படித்தார். இத்தனை வருடமாக அவர் கையில் ஓடிய செய்திகள் எல்லாமே வேறு யாரோ வேறு யாருக்கோ அனுப்பியவை. இது அவருக்கென்றே வந்தது.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மடல் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது மடல் வந்தபோது அதை எடுத்துக்கொண்டு தங்கராஜு கடைக்குப் போனார். பிரிண்டர் வந்துவிட்டதா என்று கேட்டார்.

"அந்த மாடல்லாம் முடிஞ்சுபோச்சுக்கா. இனிமே சாமான் வராது லா. வேற பிராண்டு காட்டட்டுமா?"

பிரிஜட் மடலை விரித்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். பிரிண்டரின் படம் அரைப்பக்கத்துக்கு இருந்தது. தங்கராஜு குனிந்து படித்தார். முகம் மாறியது.

"விக்கிற எனக்கே ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு எப்படிக்கா வருது?"

"பெட்டியில ஒரு அட்டை இருந்துச்சில்ல. அத அனுப்பிச்சேன்."

"அதயா? கஸ்டமருக்குச் செட் பண்ணிக் காட்டுறப்ப, அட்டையெல்லாம் நானே எடுத்துக் குப்பையில போட்டுருவேனே. யாரு எழுதிட்டிருப்பாங்கன்னு."

அதன்பிறகு தங்கராஜு, மடல் வந்தால் தனக்கு ஒரு நகல் கொடுக்கச் சொன்னார். பிரிஜட்டும் கொடுத்தார். அவருக்கு அதில் ஒரு பெருமிதம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆறாவது மடல் 1985 பிப்ரவரியில் வந்தது. முதல் பக்கத்தில் எப்போதும் இருக்கும் படம் இல்லை. பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. ஹால்டனுடன் கொடுத்த மின் அடாப்டர்களில் ஒரு பகுதி அளவுக்கு மீறிச் சூடாகிறது. அடிப்பக்கத்து எண் நான்கில் தொடங்கினால் உடனே பிடுங்கி வைத்துவிடுங்கள். எண்ணை எழுதி அனுப்பினால் புதியது இலவசமாக வரும்.

பிரிஜட் எழுந்து போய்த் தன் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தார். இரண்டில் தொடங்கியது. மனம் லேசானது. மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தங்கராஜுவின் குப்பைக்கூடை ஞாபகம் வந்தது. அந்தக் கடையில் வாங்கியவர்கள் யாருக்கும் இந்த மடல் வராது. அவர்கள் வீட்டில் அது இந்த நேரத்தில் சோபாவுக்குப் பின்னாலோ, மெத்தைமேலோ சூடாகிக் கிடக்கலாம்.

"என்னங்க, இத எல்லாருக்கும் சொல்லணும்."

"யாருன்னே தெரியாதவங்களுக்கு எப்படிச் சொல்லுவ?" என்றார் லாசரஸ்.

தங்கராஜுவிடம் வாங்கியவர்களின் பெயர்கள் இல்லை. நாற்பது, ஐம்பது விற்றிருப்பேன் என்று மட்டும் சொன்னார். அறிவிப்பை நகலெடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். ஆனால் கம்ப்யூட்டர் வாங்கியவர் மறுபடி அந்தக் கடைப்பக்கம் வருவார் என்று என்ன நிச்சயம்? பிரிஜட் ஓர் ஆங்கில நாளிதழில் வரிவிளம்பரம் கொடுத்தார். 'ஹால்டன் 32 வைத்திருப்போர் கவனத்துக்கு. அடாப்டர் எண் 4இல் தொடங்கினால் பயன்படுத்தாதீர். தொடர்புக்கு பி. லாசரஸ்' என்று போட்டு, வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்தார். வெள்ளி, சனி இரண்டு நாளும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வீடு திரும்பியபோது வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் தோ பாயோவிலிருந்து வந்த சீன இளைஞர். மற்றவர் இராஜரத்தினம் என்ற ஓய்வுபெற்ற குமாஸ்தா. வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, அடாப்டரை ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"மிஸ்டர் லாசரஸ்?" என்று அவர் கை நீட்டினார்.

"நான்தாங்க," என்றார் லாசரஸ், கையைப் பிடித்துக் குலுக்கியபடி. உள்ளே உட்காரவைத்தார். இராஜரத்தினம் டின்னைத் திறந்து, எண்ணைக் காட்டி, இது எந்த வோல்டேஜில் எவ்வளவு சூடாகும், உள்ளே சுருளில் கோளாறா என்று கேட்கத் தொடங்கினார். லாசரஸ் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கேள்வி முடிந்ததும் சொன்னார்:

"ஐயா, எனக்கு டிவிய ஆன் பண்ணத் தெரியும், ஆஃப் பண்ணத் தெரியும். நீங்க தேடி வந்த மிஸ்டர் லாசரஸ் அதோ குசினியில காப்பி போட்டுக்கிட்டு இருக்காரு."

இராஜரத்தினம் டின்னை மூடினார். மறுபடி திறந்தார். பிரிஜட் காப்பித் தட்டோடு வந்ததும் எழுந்து நின்று, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிள்ளை" என்றார். பிரிஜட்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று ஏழு பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறு இன்னும் சிலர். ஒவ்வொருவரிடமும் லாசரஸ் அதே வசனத்தைச் சொன்னார். போகப்போக மெருகும் ஏறியது. மூன்றாவது வாரம், கேலாங் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருந்த உம்மு சல்மா வந்தார். அவருக்கு விளம்பரத்தைக் காட்டியது சக ஆசிரியர் ஒருவர். கைப்பையிலிருந்து அடாப்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் ஒரு பக்கம் பழுப்பேறி, மெழுகு இளகியதுபோல் வளைந்திருந்தது.

"நாலுல ஆரம்பிக்குதான்னுகூட இதுல படிக்க முடியலக்கா. எழுத்தே உருகிப்போச்சு."

"எங்க வச்சிருந்தீங்க?"

"கட்டில்மேலதான். டிவி என் ரூம்ல இருக்கு. போன வாரம் ஏதோ தீயிற வாடை வந்துச்சு, அடுத்த வீட்டுச் சமையல்னு நெனச்சேன்."

பிரிஜட் அந்த அடாப்டரை எடுத்து, பழுப்பேறிய பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். விளம்பரம் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்ததை நினைத்துக்கொண்டார். அந்த எண்ணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

மொத்தம் பத்தொன்பது எண்கள் சேர்ந்தன. கடிதம் போய்ப் பதில் வர வாரக்கணக்காகும். பிரிஜட் மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, வேலை நேரம் முடிந்ததும் ஒரு சொந்த டெலெக்ஸ் அனுப்ப அனுமதி கேட்டார். மேனேஜர் உடனே சரி என்றார்.

மாலை ஆறு மணிக்கு, இங்கிலாந்தில் அலுவலகம் திறந்திருக்கும் நேரம் பார்த்து, மடலின் கடைசிப் பக்கத்திலிருந்த எண்ணை அழைத்தார். மறுமுனையின் அடையாளக் குறி வந்து விழுந்தது. பத்தொன்பது எண்களையும் வரிசையாகத் தட்டினார். இருபதாவதாக, 'ஓர் அடாப்டரின் எண் உருகிவிட்டது, படிக்க இயலவில்லை' என்று எழுதினார். முடித்துக் கையை எடுத்ததும் இயந்திரம் தானாகக் கடகடத்தது. தாளில் ஒவ்வோர் எழுத்தாக வந்தது. எல்லாம் கிடைத்தன, இருபதும் விமானத்தில் வரும், மிஸ்டர் லாசரஸுக்கு மிக்க நன்றி.

பிரிஜட் மறுபடி விசையில் கை வைத்தார். 'மிஸ்டர் அல்ல, மிஸஸ்' என்று தட்டினார்.

மறுமுனை சற்றுத் தயங்கியது. பிறகு வந்தது: 'மன்னிக்கவும். நானும் மிஸஸ்தான்.'

சாங்கியில் அந்த நேரம் அலுவலகத்தில் தரை துடைப்பவரைத் தவிர யாரும் இல்லை. பிரிஜட் தனியாக உட்கார்ந்து சிரித்தார். தாளைக் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் பெட்டி வந்தது. வேறெங்கும் போகவில்லை, பிரிஜட்டின் அலுவலகக் கிடங்குக்கே வந்தது. வருகைப் பட்டியலைத் தட்டும்போது பெறுநர் பெயரில் தன் பெயரைப் பார்த்தார். 'மிஸஸ் பிரிஜட் லாசரஸ்' என்று முழுதாக இருந்தது. கிடங்கில் வேலை பார்த்த முத்துசாமி பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து அவர் மேசைவரை கொண்டுவந்தார்.

"பதினாலு வருஷமா அடுத்தவன் சரக்குக்கே டெலெக்ஸ் அடிச்சீங்க. இன்னிக்கு உங்க சரக்கே வந்துருச்சு லா," என்றார்.

அதைப் பஸ்ஸில் தூக்கிப் போக முடியாது என்று, லாசரஸ் நண்பர் ஒருவரின் வேனைக் கேட்டு வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச்சொல்லி அடாப்டரைக் கொடுத்தார்கள். வந்தவர்கள் வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை. இராஜரத்தினம், கோயில் திருவிழா நாட்களைக் கணக்கிடும் ஒரு புரோகிராமைக் கேசட்டில் கொண்டுவந்திருந்தார். தோ பாயோ இளைஞரிடம் ஒரு விளையாட்டு இருந்தது. உம்மு சல்மா, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு கேள்வி கேட்கும் புரோகிராம் எழுதியிருந்தார்; லாசரஸ் அதில் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் தோற்றுப்போய், கம்ப்யூட்டர் தப்பு என்று வாதாடினார். பிரிஜட் சமைத்திருந்த பிரியாணி போதாமல், கீழே போய் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிவர வேண்டியிருந்தது.

ஹால்டன் நிறுவனம் மேலும் ஒன்றரை வருடம் மடல் அனுப்பியது. ஒரு மடலில் சிங்கப்பூர் மிஸஸ் லாசரஸைப் பற்றி ஆறு வரி வந்தது. அதன்பின் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் செய்வதை நிறுத்திவிட்டார்கள். கடைசி மடல் ஒரே தாள். 'எங்கள் செய்திகளை வாங்கிப் படித்தமைக்கு நன்றி' என்று முடித்திருந்தார்கள். பிரிஜட் கொஞ்சம் வருந்தினார். பிறகு மற்றவற்றோடு சேர்த்துக் கோப்பில் வைத்தார். மொத்தம் பதினைந்து மடல்கள்.

அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் 1987இல் வந்தது. பயிற்சிக்கு முதலில் யாரை அனுப்புவது என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. மூன்று நாள் பயிற்சியில் இரண்டாம் நாளே பாடம் நடத்தியவரிடம் கையேட்டிலிருந்த ஒரு பிழையைக் காட்டினார் பிரிஜட். மூன்றாம் நாள் முடிவில் பாடம் நடத்தியவர் தந்த கருத்துப் படிவத்தில், நிறுவனத்தின் செய்திகள் தபாலில் வேண்டுமா என்று ஒரு வரி இருந்தது. பிரிஜட் வேண்டும் என்று எழுதி, பெயருக்கு இருந்த இடம் முடிந்த பிறகும் ஓரத்தில் தொடர்ந்து எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நிற்கவில்லை. முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூடினார்கள். கம்ப்யூட்டரைப் பற்றிய பேச்சு குறைந்து, வீடு மாற்றுவதும் பிள்ளைகள் படிப்பும் மிளகாய் விலையும் அதிகமாயின. உம்மு சல்மாவின் நிக்காஹ்வுக்கு எல்லோரும் போனார்கள். மாப்பிள்ளை அப்துல் அலீம், பெண் வீட்டுக்காரர்களிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டே வந்து லாசரஸிடம் நின்று, "அங்கிள், நீங்க எப்படிச் சொந்தம்?" என்று கேட்டார். "அத மிஸ்டர் லாசரஸ்தான் சொல்லணும்," என்று லாசரஸ் பந்திப்பக்கம் கைகாட்டி, பிரிஜட்டைக் கூப்பிட்டு, கதை கேட்க மாப்பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். அவர்களுக்கு முன்னால் சூடான நெய்ச்சோறு வந்துகொண்டிருந்தது.