கோணல் கண் புலி

ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம், எது கண்ணில் பட்டாலும் அதன்மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். இருபது வருடமாக இதே வேலை. கல்யாண வீட்டில் எதிரே யார் வந்தாலும் முதலில் காலர் தையல்தான் எனக்குத் தெரிகிறது.

அதனால்தான் கொரியாப் புலியைப் பிடித்துக்கொண்டேன். எங்களிடம் துணி வாங்கும் கொரியா பையர் கொடுத்த காலண்டரில் அது மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. ஒரு கண் கிளையில் இருக்கும் பறவையைப் பார்க்கிறது, மறு கண் எங்கேயோ போகிறது. அந்த நாட்டில் சாதாரண சனங்கள் வீட்டில் மாட்டுவதற்காகப் பெயர் தெரியாத ஆட்கள் வரைந்த படமாம். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். மாதிரிப் படத்தின்மேல் தாளை வைத்து மையால் கோடு எடுக்க வேண்டும். பிறகு ஒரே கையில் இரண்டு தூரிகை. ஒன்று வண்ணம் வைக்கும், இன்னொன்று வெறும் தண்ணீரால் அதை ஓரத்துக்கு இழுத்துக் கரைக்கும். ஞாயிறு மதியம் சமையலறைத் தரையில் இப்படி உட்கார்ந்துவிட்டால் நான் யாருக்கும் கிடைக்க மாட்டேன்.

"சாமி படம் வரைஞ்சாலாச்சும் புண்ணியமுண்டு" என்றார் என் வீட்டுக்காரர். சாமியை வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்றேன்.

முதல் புலியை முடித்ததும் நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். புடவையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த ஸ்டிக்கரை எடுத்து, பழக்க தோஷத்தில் அந்தக் கோணல் கண்ணில் ஒட்டிவிட்டேன். என்மேலேயே ஆத்திரமாக வந்தது. பிய்த்தபோது வண்ணம் பெயர்ந்து கண்ணோரம் ஒரு வெள்ளைப் புள்ளி நின்றுவிட்டது. அதைத் திருத்தவில்லை. இந்த ஒரு இடத்திலாவது என்னை யாரும் செக்கிங் பண்ணக் கூடாது.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் ஆர்டர், டிசைன் எல்லாம் பார்க்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் அந்தப் படத்தை என் போனில் பார்த்துவிட்டார். போனை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார்.

"குழந்தைக டி-சர்ட்டுல போட்டா அள்ளிக்குங்கக்கா. கண்ணு மட்டும் சரி பண்ணிக் குடுங்க."

"தர முடியாதுங்க."

"நீங்களுமே இன்னொண்ணைப் பாத்து வரைஞ்சதுதானுங்களே?"

பார்த்து வரைந்ததுதான். அதற்காக? கோடு வேறு யாருடையதாகவும் இருக்கட்டும், அந்த மதியங்கள் என்னுடையவை.

"கம்பெனிக்கு என்ற கண்ணைத்தானுங்க குடுத்திருக்கறேன். கை என்னுதுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பத்து நாள் கழித்து என் மேஜைக்கு ஒரு சாம்பிள் வந்தது. நெஞ்சில் என் புலி. அன்றைக்கு என் போனை வாங்கி வைத்திருந்தபோதே மெர்ச்சண்டைசர் படத்தைத் தனக்கு அனுப்பிக்கொண்டுவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் கரைத்த இடமெல்லாம் மொத்தை வண்ணம். வெள்ளைப் புள்ளியைக் காணோம். இரண்டு கண்ணும் நேராக என்னைப் பார்த்தன. கண்ணுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போட்டேன்.

அவர் ஓடி வந்தார். "என்ன டிஃபெக்டுங்கக்கா? எல்லாங் கரெக்டாத்தான இருக்குது?"

"கண்ணு ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்க. ஒரிஜினல் சாம்பிள் என்ற ஊட்டுல இருக்குது. அதுக்கு நான் இன்னும் அப்ரூவல் குடுக்கலீங்க."