எந்த ஃபோல்டரில் நின்றாலும்

என் மகள் நாகஜோதி வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் ஆபீஸ் பார்க்கிறாள். தலைப்பிரசவத்துக்கு அதே ஊரில் ராயபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேரனுக்கு இன்றோடு இருபத்திரண்டு நாள். அவன் கொட்டாவி விட்டால்கூட எழுந்து போய்ப் பார்த்துவிடுவேன். முப்பது வருஷம் மெஷினில் குனிந்து தைத்த முதுகு, அவனைத் தூக்கும்போது மட்டும் வலிப்பதில்லை.

அவள்தான் பாவம். ராத்திரி பிள்ளை தூங்கவிடுவதில்லை, பகலில் கம்பெனி தூங்கவிடுவதில்லை.

அட்டைப்பெட்டி மேல் ஒட்டும் ஸ்டிக்கருக்காக அவள் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். கம்ப்யூட்டருக்கு வரிசையாக வேலை சொல்லும் சின்ன ஃபைல், அவ்வளவுதான். அதற்குத் துணை ஃபைல்கள் மூன்று: ஸ்டிக்கர் அச்சு, சைஸ் பட்டியல், சரக்கு வாங்கும் பையரின் முத்திரை. ஸ்கிரிப்டை ஓட்டுகிற ஆள் கம்ப்யூட்டரில் எந்த ஃபோல்டரைத் திறந்து நிற்கிறாரோ அங்கேயேதான் அது இந்த மூன்றையும் தேடும். அதனால் ஒவ்வொரு புது ஆர்டர் ஃபோல்டருக்குள்ளும் எல்லாவற்றையும் காப்பி போட வேண்டும். இவள் லீவில் வந்தபின் அந்த வேலையைப் பார்த்தது கூட வேலை செய்யும் சீனியம்மாள். போன வருஷம் ஒரு பெட்டிகூடத் திரும்பி வராத ஆர்டர் ஒன்று உண்டு. ராசியான ஃபோல்டர் என்று அதிலிருந்தே காப்பி எடுத்திருக்கிறாள். அதில் இருந்ததோ பழைய சைஸ் பட்டியல்.

காலை பத்தரைக்கு முதலாளி மகன் தரணி போன் செய்தார்.

“ஏனுங்க ஜோதி, நூத்திப் பதினெட்டுப் பொட்டில சைஸ் தப்பா ஒட்டிப்போட்டாங்க. சாயங்காலம் கன்டெய்னர் வருதுங்க. ஒரு எட்டு வந்து சரி பண்ணிக் குடுத்துருங்க. காரு அனுப்பிட்டனுங்க.”

“பச்சப்பிள்ளைய விட்டுட்டு எப்படி சார் வர?”

“தூக்கிட்டே வந்துருங்களே.”

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி சின்னத்தாய் சத்தம் போட்டாள். “நாப்பது கழியாம என் பேரன் வாசப்படி தாண்ட மாட்டான்னு சொல்லுடி!”

நாகஜோதி பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். இங்கிருந்தே சரிசெய்ய முடியாவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். தெருமுனையில் காரும் வந்து நின்றுவிட்டது.

முதலில், ஓடத் தொடங்கியதும் ஸ்கிரிப்ட் தன் சொந்த ஃபோல்டருக்குப் போய்விடும்படி மாற்றி, புது சைஸ் பட்டியலும் மற்ற துணை ஃபைல்களும் சேர்த்து, பொதுவான ஒரு ஃபோல்டரில் போடச் சொல்லி மெயிலில் அனுப்பினாள். சீனியம்மாள் போனில் ஸ்பீக்கரில் இருந்தாள்.

“ஏத்தா, அச்சு கிடைச்சிருச்சு. இப்பப் பேக்கிங் லிஸ்ட்டக் காணோங்குது.”

எந்தப் பெட்டியில் என்ன என்று சொல்லும் அந்த லிஸ்ட் அந்தந்த ஆர்டர் ஃபோல்டரில் இருக்கிறது. ஸ்கிரிப்டோ அதை விட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டது. நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

“போயிட்டே வந்துருவோமா தாயி? நானும் கூட வாரேன்.”

அவள் கண்ணைத் திறந்து ஆணியில் தொங்கிய என் தையல் பையைப் பார்த்தாள். “ஏம்ப்பா, கம்பெனி மாறும்போது துணியவுமா தூக்கிட்டுப் போவீக?”

“துணி அவங்களோடது. பாபின் கேஸும் நூல் வெட்டுற டிரிம்மரும்தான் பையில இருக்கும்.”

“அம்புட்டுத்தான்.”

இந்த முறை ஸ்கிரிப்டை இடம் நகர விடவில்லை. தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று அதுவே கண்டுபிடித்து, துணை ஃபைல்களை அங்கிருந்து எடுக்கும். லிஸ்ட்டை மட்டும் ஆள் நிற்கும் ஃபோல்டரில் பார்க்கும். ஃபோல்டர் பெயருக்கு நடுவில் இடைவெளி விட்டிருந்ததால் இன்னொரு தடவையும் நின்றது. முகவரிக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டதும் சரியானது. ஒரே காப்பி, பொதுவான ஒரே இடத்தில். எங்கிருந்தும் பேர் சொல்லிக் கூப்பிடலாம்.

“வந்துருச்சு! புது சைசு!” என்றாள் சீனியம்மாள்.

“வேற ரெண்டு ஆர்டர் ஃபோல்டருக்குள்ள போயும் ஓட்டிப் பாருங்கக்கா.”

“அதுலயும் வருது.”

“அப்ப பழைய ஸ்கிரிப்ட் காப்பிய எல்லாம் அழிச்சிருங்க.”

“மத்தத அழிச்சிர்றேன். அந்த ராசி ஃபோல்டர்ல கை வைக்க மாட்டேன்த்தா. நாப்பது கழிச்சு நீயே வந்து அழிச்சுக்கோ.”

காரைத் திருப்பி அனுப்பப் பிள்ளையோடு தெருமுனைக்குக் கிளம்பியவன், சின்னத்தாய் சொன்னது நினைவு வந்து வாசப்படியிலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்தே கம்பெனி டிரைவர் சுப்பையனைக் கூப்பிட்டேன்.

“அம்மிணி வரலீங்களா?”

“வேல இங்கயே முடிஞ்சு போச்சுப்பா.”

“வெறும் வண்டியத்தான் திருப்பிட்டுப் போகோணும்ங்களா?” என்றவன் பேரனை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

உள்ளே நாகஜோதி லேப்டாப்பை மூடாமலே சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பேரன் கொட்டாவி விட்டான். எனக்கும் வந்தது. அவள் போனை எடுத்து அணைத்து வைத்தேன்.